மூன்றாவது இயந்திரம்

என் வேலையைப் பறிக்கப்போகிற இயந்திரத்தை என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார் ஜில்லியன் மேடம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் வைத்துக்கொள்கிற அளவுக்கு அவருக்கு என்னைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அக்டோபர் முதல் வாரம், ஒரு கையில் டீக்கோப்பையும் மறு கையில் ரஸ்க்குமாகச் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, செடிக்கு உரம் வாங்குவதைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசினார்.

"வைசன், இந்த நீச்சல் குளத்தப் பத்தி உன்னவிட யாருக்குத் தெரியும்? கடையில மூணு ரோபோ குடுத்து விடறாங்க. ஒவ்வொண்ணையும் நாலு நாள் போட்டுப் பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. எது நல்லா சுத்தம் பண்ணுதுன்னு நீதான் பாத்துச் சொல்லணும்."

"நல்லா பண்ணிச்சுன்னா என்ன மேடம்?"

"வாங்கிடலாம். உங்கிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு? புல்தரையையும் எடுத்துட்டுக் கல்லு பாவியாச்சு. அதுல ஒண்ணு சரியா அமைஞ்சுதுன்னா முழுநேர ஆள் எனக்கு எதுக்கு? மூணும் சரிப்படலைன்னா பழையபடியே இருப்போம். அவ்வளவுதான்."

"அப்ப என் ரூம்?"

"அதப் பத்தி ஜஸ்ட் நவ் பேசலாம்."

இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம், ஒரு வீட்டு வாசலில் மண்வெட்டியோடு இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். உள்ளேயிருந்த ஐயா 'ஜஸ்ட் நவ் வரேன்' என்று சொல்லிவிட்டுப் போனதை நம்பி நின்றேன். மலாவியில் நாங்கள் படித்த ஆங்கிலத்தில் அதற்கு 'இதோ இப்போதே' என்று அர்த்தம். ஜோகன்னஸ்பர்க்கில் அப்படி இல்லை. சாயங்காலமாக இருக்கலாம், அடுத்த வாரமாக இருக்கலாம், அப்படியே மறந்தும் போகலாம். யாரும் பொய் சொல்வதில்லை. சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். அதனால் மேடம் அப்படிச் சொன்னதை நான் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு அந்த அறைதான் முக்கியம். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு குளியலறை, ஒரு ஜன்னல். நானும் என் மகள் தியாமிகேயும் அதில் இருந்தோம். அவளுக்குப் பதினெட்டு வயது, பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம். அக்டோபர் கடைசியில் ஆரம்பித்து நவம்பர் கடைசிவரை அரசுப் பரீட்சை. பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். என் மனைவி சின்னப் பிள்ளைகள் இரண்டோடு ஊரில் இருக்கிறாள். இவளை மட்டும்தான் நான் இங்கே கொண்டுவந்தேன், படிக்கிற பிள்ளை என்பதால். நவம்பர் முடியும்வரை அந்த அறை எங்களுக்கு வேண்டும். அதற்கு மேல் கடவுளிடம்கூட நான் எதுவும் கேட்கவில்லை.

தியாமியிடம் இதைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது, விஷயம் தெரிந்த அந்த ஒரு மாதத்தில் இரண்டு பாடத்தில் கோட்டைவிட்டாள். கவலை வந்தால் அவளுக்கு எழுத்து மண்டையில் ஏறாது. அதனால், கடையில் ஏதோ புது மெஷின் கொடுத்திருக்கிறார்கள், சும்மா பார்க்கிறோம் என்று மட்டும் சொன்னேன். ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் போதும். இன்றைக்கும் அதை நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தக் குளத்தைப் பதினோரு வருஷம் நான் பார்த்துக்கொண்டேன். மேடம் எழுந்து திரைச்சீலையை விலக்குவதற்கு முன்னால் வலையை எடுத்து ஒரு சுற்று, பிரஷ்ஷால் சுவரோரம் ஒரு சுற்று, ஓரத்தில் தண்ணீர் இழுக்கிற வாயில் இருக்கும் கூடையை எடுத்துத் தட்டி வைப்பது, பிறகு குளோரின். இத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளும் அந்தக் குளத்தை அழுக்காகப் பார்த்ததில்லை. அதுதான் என் முட்டாள்தனம். அந்தத் தண்ணீர் தானாகவே அப்படி இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். வாரத்தில் ஒருநாளாவது இலையை மிதக்க விட்டிருந்தால் என் அருமை தெரிந்திருக்கும்.

"இன்னொண்ணு," என்றார் மேடம். "இந்தப் பன்னண்டு நாளும் நீ வலையத் தொடக் கூடாது. தொட்டா எது மெஷின் பண்ணினது, எது நீ பண்ணினதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான பேச்சு. எனக்கும் அது வசதிதான். நான் எதையும் கெடுக்க வேண்டியதில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும்.

*

முதல் இயந்திரத்தைக் கடையிலிருந்து ரியான் கொண்டுவந்தான். முப்பது வயது இருக்கும், வெயிலில் சிவந்த முழங்கால், வருஷம் முழுவதும் அரைக்கால்சட்டை. கடையில் விற்பவர்கள் எல்லோரையும் போல அவனுக்கும் எல்லாரும் தலைவர்தான்.

"தலைவரே, இது மட்டும் வந்துச்சுன்னா நீங்க கால்மேல கால் போட்டு உக்காந்துக்கலாம்."

"எங்க உக்கார்றது? ரோட்லயா?"

அவன் சிரித்தான். நான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டான்.

அது சின்னதாக, நீல நிறத்தில் இருந்தது. கரையிலிருந்து ஒரு வயர் அதற்குப் போயிற்று. தண்ணீரில் விட்டதும் சுறுசுறுப்பாகத்தான் கிளம்பியது. அரை மணி நேரத்தில் வயரைத் தன்னைச் சுற்றியே முறுக்கிக்கொண்டு, முளைக்கயிற்றில் சுற்றிக்கொண்ட ஆட்டைப் போல ஒரே இடத்தில் சுழல ஆரம்பித்தது. அந்த இடம் மட்டும் பளபளவென்று ஆயிற்று. நாலு நாளும் இதே கதை. மேடம் கரையில் நின்று பார்த்துவிட்டு, "பாவம், கொஞ்சம் மக்கு," என்றார். எனக்கு அந்த மக்கின் மேல் அவ்வளவு பிரியம் வந்தது.

இரண்டாவதற்கு வயரே கிடையாது, சார்ஜ் போட்டு விட வேண்டும். அது நேராக ஓடியது, ஆனால் ஆழமான பக்கம் போய் உயிரை விட்டுவிடும். பிறகு நான் கொக்கி போட்ட கழியால் மேலே இழுக்க வேண்டும். தண்ணீரோடு சேர்த்துத் தூக்கினால் நல்ல கனம். மேடத்துக்கு இடுப்பில் ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

"மேடம், இது நல்லாத்தான் பண்ணுது," என்றேன் பெருந்தன்மையாக. "ஆனா தினம் இதத் தூக்கி வெளியில வைக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்."

மேடம் என்னைப் பார்த்தார். "உன் வேலைக்கு நீயே சிபாரிசு பண்ணிக்கறியா?" என்று சிரித்தார். ரியான் வந்து அதையும் எடுத்துப்போனான். எட்டு நாள் போயிற்று, இன்னும் நாலு நாள் பாக்கி. அன்று ராத்திரி மக்காச்சோளக் களி எனக்கு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது. தியாமி, "என்னப்பா, லாட்டரி விழுந்த மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை வந்தது.

அதைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைவிட ஒழுங்கான வேலைக்காரனை நான் பார்த்ததில்லை. தரையைக் கோடு போட்டது போல நேர்நேராகத் தேய்த்தது. சுவரில் ஏறித் தண்ணீர் மட்டம்வரை வந்து, அங்கே படிந்திருக்கும் எண்ணெய்க் கோட்டைத் தேய்த்துவிட்டுத் திரும்ப இறங்கியது. நான் மண்டியிட்டுக் கையால் தேய்க்கிற படிக்கட்டு மூலையைக்கூட விடவில்லை. வேலை முடிந்ததும் தானாகவே கரையோரம் வந்து நின்றது. மேடத்தின் போனில் பச்சை நிறத்தில் ஒரு டிக், பக்கத்தில் நூறு என்று ஒரு எண்.

"நூத்துக்கு நூறு வாங்கிட்டான்யா!" என்றார் மேடம்.

அன்று சாயங்காலம் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு மணல் துகள் இல்லை. பதினோரு வருஷம் நான் செய்ததைப் பெட்டி ஒன்று இரண்டு மணி நேரத்தில் செய்துவிட்டது. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

ஆனால் அதனால் முடியாத ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டு ஜகரண்டா மரம் மதிலுக்கு மேலே கிளை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அக்டோபர் நடுவில் அது பூவைக் கொட்ட ஆரம்பித்தால் மூன்று வாரம் ஓயாது. ஊதாப் பூ தண்ணீரில் மிதக்கும். இந்த ரோபோ எதுவும் மிதப்பதைத் தொடாது. தரையும் சுவரும்தான் அதன் எல்லை. கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள். மேடத்துக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் ஒருநாளும் அந்தப் பூவைத் தண்ணீரில் பார்த்ததே இல்லை. இந்த வருஷம் பூ தாமதம், மரம் நிறைய வைத்துக்கொண்டு விடாமல் நின்றது. நான் தினமும் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டு, கொட்டு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

புதன்கிழமை காலையில் ஒரு சாவுச் செய்தி வந்தது. எங்கள் மாவட்டத்துக்காரர் லக்சன், கட்டட வேலைக்காரர், சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். உடலை ஊருக்கு அனுப்ப எல்லோரும் நகரத்துக்கு வெளியே டெம்பிசா குடியிருப்பில் கூடுகிறார்கள். மேடத்திடம் கேட்டேன், போய்வா என்றார். நல்ல மனிதர் லக்சன். அவர் சாவுச் செய்தியைக் கேட்டு எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? நல்லதாய்ப் போயிற்று, நான் வீட்டிலேயே இல்லாவிட்டால், மெஷின் தோற்றதற்கு நாளைக்கு யாரும் என்னைக் குறைசொல்ல முடியாது. இப்படி நினைத்த ஆள் நான். அதற்கான தண்டனைதானோ என்றுகூட இப்போது தோன்றுகிறது.

வேன் பாதி வழி போவதற்குள் வானம் கறுத்தது. பிறகு ஆலங்கட்டி. கூரையில் கல் எறிவது போலச் சத்தம். டிரைவர் பாலத்தடியில் நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்காக அழாத குறை. பக்கத்திலிருந்த அம்மாள் தன் தக்காளிச் செடிக்காகப் புலம்பினாள். நான் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். அந்த அடிக்கு எந்தப் பூவும் மரத்தில் தங்காது. டெம்பிசாவில் ராத்திரி முழுக்க லக்சனுக்காகப் பாட்டுப் பாடினோம், நானும் உரக்கப் பாடினேன். மனசு முழுக்க ஊதா நிறத்தில் மூடிக்கிடக்கும் ஒரு குளம்தான் இருந்தது.

*

வியாழன் மதியம் திரும்பினேன். எங்கள் தெருவில் தார் தெரியவில்லை, அவ்வளவு பூ. காருக்கு மேல் பூ, குப்பைத் தொட்டிக்கு மேல் பூ. கேட்டைத் திறந்துகொண்டு கிட்டத்தட்ட ஓடினேன்.

குளம் நீலமாக இருந்தது. ஒரு பூ இல்லை.

மேடம் கரையில் போனும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். பதினோரு வருஷத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

"வைசன்! இங்க வா, இங்க வா! பாரு இத! நேத்து அவ்வளவு மழை, தெருவெல்லாம் பூ. நான் காலையில பயந்துகிட்டேதான் திரைய விலக்கறேன், குளம் கண்ணாடி மாதிரி இருக்கு! ரியானுக்கு உடனே போன் போட்டு வாங்கிட்டேன்."

"மேடம், மேல மிதக்கறத அந்த மெஷின் தொடவே தொடாது."

"அதான் தண்ணி மட்டம் வரைக்கும் ஏறுதே, நீயும் நானும் பாத்தோமே."

"ஏறும் மேடம், ஆனா பூவ எடுக்காது. அதுக்கு வாய் அடியிலதான் இருக்கு."

"இந்தா, நீயே பாரு." போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பச்சை டிக். நூறு. "பொய்யா சொல்லுது?"

நான் பின்பக்கம் போனேன். உரக்குழியில், நேற்றுவரை வெறும் காய்ந்த இலை கிடந்த இடத்தில், முழங்கால் உயரத்துக்கு ஈரமான ஊதாக் குவியல். வலைக்கழி சுவரில் தலைகீழாக மாட்டியிருந்தது. நான் அப்படி மாட்டவே மாட்டேன்.

"அப்பா! வந்துட்டீங்களா?" அறைக்குள்ளிருந்து தியாமி வந்தாள். பரீட்சைக்கு முந்தைய படிப்பு விடுமுறை அவளுக்கு, விடியற்காலையிலேயே எழுந்துவிடுவாள். "பாத்தீங்களா குளத்த? விடிஞ்சதும் பாக்கறேன், தண்ணியே தெரியல. நீங்களும் இல்ல. மேடம் எழுந்து இந்தக் கோலத்தப் பாத்தா உங்களத்தானே திட்டுவாங்க? அவங்க எழறதுக்குள்ள எல்லாத்தையும் அள்ளிட்டேன். நீங்க பண்ணிட்டுப் போனதாவே நினைச்சுக்கட்டும்னு யார்கிட்டயும் சொல்லல."

தலைமுடியில் ஒரு பூ ஒட்டிக்கொண்டிருந்தது. நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல வேலை பண்ணினே," என்றேன்.

வேறென்ன சொல்ல? உன் கையாலேயே நம்மைத் தெருவில் நிறுத்திவிட்டாய் என்றா?

மறுபடியும் மேடத்திடம் போனேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். உரக்குழியைக் காட்டினால் நம்பாமல் இருக்க முடியாது. இன்னும் ரியான் பில் போட்ட மை காய்ந்திருக்காது.

"மேடம், ஒரு நிமிஷம். அந்தப் பூவ மெஷின் எடுக்கல. கையால எடுத்தது."

"யார் கையால? நீ சாவு வீட்லல்ல இருந்தே?"

வாயைத் திறந்தேன். மேடத்துக்குப் பின்னால், அறை வாசற்படியில், தியாமி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்திருப்பாள். நான் சொன்னால் மேடம் அவளைக் கூப்பிடுவார். கூப்பிட்டால் முழுக் கதையும் வெளியே வரும். போட்டி என்ன, பந்தயம் என்ன, அவள் அள்ளியது எதை என்று எல்லாம் தெரியும். மேடம் மனம் மாறுவாரோ மாட்டாரோ, அது நிச்சயமில்லை. இந்தப் பிள்ளை உடைந்துபோவாள் என்பது மட்டும் நிச்சயம். அடுத்த வாரம் முதல் பரீட்சை.

"தெரியல மேடம்," என்றேன். "சும்மா அப்படித் தோணிச்சு."

"உனக்குப் பொறாமை, வைசன்," என்று என் தோளில் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரூம் விஷயம் கேட்டியே. ஆஸ்திரேலியாவுல என் பையன் கிரேக் இருக்கான்ல, அவனுக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு இங்க நர்சிங் படிக்குது. ஒண்ணாம் தேதி வரேன்னு சொல்லியிருக்கு. இந்த மாசக் கடைசி வரைக்கும் நீ தாராளமா இரு."

"மேடம், தியாமிக்குப் பரீட்சை நவம்பர் கடைசி வரைக்கும் இருக்கு. அந்த ஒரு மாசம் மட்டும் விடுங்க. நான் வேணும்னா வெளிய போயிடறேன். அவ மட்டும் இருக்கட்டும்."

"ஐயோ, பரீட்சையா? எனக்குத் தோணவே இல்ல பாரு. கிரேக்கிட்ட கேட்டுட்டு ஜஸ்ட் நவ் சொல்றேன்."

*

மறுநாள் வெள்ளிக்கிழமை, குளம் முழுக்கப் பூ. மரத்தில் மிச்சமிருந்ததையெல்லாம் காற்று கொட்டியிருந்தது. ரோபோ அடியில் தன்பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது, மேலே ஊதாப் போர்வை அப்படியே கிடந்தது. எனக்குள் ஒரு நப்பாசை எழுந்தது. இப்போது பார்ப்பார், இப்போது புரியும், ரியானைக் கூப்பிட்டு எடுத்துப்போகச் சொல்வார்.

மேடம் திரையை விலக்கினார், பார்த்தார், வெளியே வந்தார்.

"பூ சீசன்ல இப்படித்தான் இருக்கும்போல," என்றார். "ரெண்டு வாரத்துல சரியாயிடும். பாக்கறதுக்கும் அழகாத்தான் இருக்கு, இல்ல?"

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலோடு ஒருநாள் படுத்திருந்தேன். அன்றைக்கு அவர் குளத்தைப் பார்க்காதது என் நல்ல நேரம், ஆனால் வாசல் கல்தளத்தில் கிடந்த நாலு இலைக்கே, 'உடம்பு சரியில்லன்னா முன்னாடியே சொல்லணும்' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மனிதன் விட்டால் அது சோம்பேறித்தனம், மெஷின் விட்டால் அது சீசன். காசு கொடுத்து வாங்கிய பொருளோடு யாரும் சண்டை போடுவதில்லை. தான் ஏமாந்தோம் என்று ஒப்புக்கொள்வதைவிட அழுக்கை அழகு என்று சொல்லிவிடுவது சுலபம்.

சனிக்கிழமை விடியற்காலையில் ஏதோ சத்தம் கேட்டு எழுந்தேன். தியாமி சுவரிலிருந்து வலைக்கழியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வைடி அத!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

"பூ கிடக்குதுப்பா. அந்த மெஷின் சரியில்ல. உங்களத்தான்…"

"வைன்னா வை! வலையத் தொடக் கூடாது. உனக்குப் பரீட்சை, போய்ப் படி."

அவள் கண் கலங்கியது. நான் அவளை அப்படி அதட்டியதே இல்லை. கழியைத் திரும்ப மாட்டிவிட்டு உள்ளே போனாள். 

மேடத்திடம் இன்னும் மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை, கிரேக் அங்கே தூங்குகிற நேரம், ஜஸ்ட் நவ். இரண்டாவது, அவன் ஏதோ வேலையில் இருக்கிறான், ஜஸ்ட் நவ். மூன்றாவது தடவை அவர் என்னைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போன் மணி அடிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. உரக்குழிக்குப் போய்ப் பார்த்தேன். ஊதா நிறம் போய், எல்லா இலையையும் போலப் பழுப்பாகிக் கிடந்தது. இனி காட்டுவதற்கும் ஒன்றுமில்லை.

தியாமியிடம், மேடத்தின் வீட்டுக்கு உறவுக்காரப் பெண் வருகிறாள், அறை வேண்டுமாம், நாம் டெம்பிசாவில் ஃப்ராங்க் மாமா வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று சொன்னேன். ஃப்ராங்கின் வீடு தகரக் கொட்டகை, ஏற்கெனவே ஐந்து பேர் இருக்கிறார்கள். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வேன் மாற வேண்டும். நாலரை மணிக்குக் கிளம்பினால்தான் பரீட்சைக்குப் போய்ச் சேரலாம்.

"நம்ம மேல ஏதாவது கோபமா அவங்களுக்கு?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்ல மனுஷி அவங்க."

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாப்பா?"

"பைத்தியமா நீ? உன் பாடத்தப் பாரு."

ஆங்கிலப் பரீட்சையை அந்த அறையிலிருந்தே போய் எழுதினாள். நன்றாக எழுதியதாகச் சொன்னாள். அந்த ஒரு சந்தோஷம் எனக்குக் கிடைத்தது. எப்படியாவது இவள் எதுவும் தெரியாமல் பரீட்சையை முடித்துவிட்டால் போதும், மற்றதை நான் சுமந்துகொள்கிறேன் என்று நினைத்தேன்.

*

முப்பத்தோராம் தேதி மதியம் ஃப்ராங்க் ஒரு பழைய பிக்கப் வண்டியோடு வந்தான். இரண்டு மெத்தை, ஒரு அடுப்பு, ஒரு பெட்டி, தியாமியின் புத்தகங்கள். அரை மணி நேரத்தில் ஏற்றி முடித்துவிட்டோம். பதினோரு வருஷத்துக்கு அரை மணி நேரம்.

மேடம் வெளியே வந்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி என்றார். தியாமிக்கு ஒரு பேனாப் பெட்டி கொடுத்தார், மேலே ரிப்பன் கட்டியிருந்தது.

"நல்லா எழுதணும், சரியா? உங்கப்பா மாதிரி ஒரு ஆள் எனக்கு இனிமே கிடைக்க மாட்டாங்க. உனக்குத் தெரியுமா, நான் முடிவே பண்ண முடியாமத்தான் இருந்தேன். மெஷினும் வேணும், உங்கப்பாவ விடவும் மனசில்ல. சரி, எதுவும் சரிப்படலைன்னா இவரே இருக்கட்டும்னுதான் சொல்லி வெச்சிருந்தேன்."

"மேடம், நேரமாச்சு," என்றேன். "ஃப்ராங்க் காத்துக்கிட்டிருக்கான்."

"இரு, இரு. அந்த ஆலங்கட்டி மழைக்கு மறுநாள் காலையில பாக்கறேன், குளத்துல ஒரு பூ இல்ல! உங்கப்பாவும் ஊர்ல இல்ல. அத்தனையையும் அந்த மெஷினே எடுத்திருக்கு! அப்பதான், சரி, இனிமே யோசிக்கறதுக்கு ஒண்ணுமில்லன்னு உடனே வாங்கிட்டேன். அது மட்டும் இல்லேன்னா நீங்க ரெண்டு பேரும் இங்கதான் இருந்திருப்பீங்க."

தியாமி பேனாப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்ட ஆரம்பித்தேன்.

"தாங்க்யூ மேடம்," என்றாள் அவள்.

வண்டியில் எங்கள் இருவருக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். வண்டி பெரிய சாலைக்கு வந்தது. அவள் அழவில்லை. ஃப்ராங்க் ரேடியோவைப் போட்டான், நான் அணைத்தேன்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கே."

"அப்ப ஏன் அவங்ககிட்ட நான்தான்னு சொல்லல?"

"உனக்குப் பரீட்சை இருந்துச்சு," என்றேன்.

அவள் தன் கைகளை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலையில வராதத எல்லாம் குப்புறப் படுத்துக் கையால பொறுக்கினேன்பா," என்றாள். "ஒண்ணுகூட விடக் கூடாதுன்னு."

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். திங்கட்கிழமை அவளுக்குக் கணக்குப் பரீட்சை.